முப்பத்திரண்டு விநாடி

என்கார்னாசியோன் ஊரில் ஒருவருக்குப் போன் செய்தால் எடுத்த எடுப்பில் விஷயத்துக்கு வந்துவிட முடியாது. நல்லா எழுந்தீங்களா, வீட்டில் எல்லோரும் சுகமா, உங்கள் பக்கம் மழை உண்டா என்று விசாரித்தாக வேண்டும். விசாரிக்காமல் பல்வலியைச் சொல்கிறவன் மரியாதை கெட்டவன். நிமியாவின் பிழைப்பில் மண் விழப் பார்த்ததற்கு இந்த மரியாதையும் ஒரு காரணம்.

பல் டாக்டர் வில்லால்பாவுக்கு வரும் போன்களை நிமியா வீட்டிலிருந்தே எடுத்து நேரம் குறித்துக் கொடுப்பாள். இன்டர்நெட்டில் ஓடும் போன். பக்கவாதத்தில் பேச்சும் வலது கையும் போன கணவன் எவரிஸ்தோவைத் தனியே விட்டு அவள் வேறெங்கே வேலைக்குப் போவாள்?

மூன்று வாரம் முன்பு வீட்டுக்குப் புது ரவுட்டர் வந்தது. அன்றிலிருந்து கூப்பிடுகிறவர்கள் நலம் விசாரித்து முடிப்பதற்குள் போன் கட்டானது. அவர்கள்தான் வைக்கிறார்கள் என்று இவள் நினைத்தாள். திமிர் பிடித்தவள் முகத்தில் அடித்த மாதிரி வைக்கிறாள் என்று அவர்கள் டாக்டரிடம் புகார் சொன்னார்கள்.

"சாயங்காலம் நானே கூப்பிடுவேன்மா. அதுவும் கட்டாச்சுன்னா, திங்கக்கிழமையிலேருந்து இங்க ஆள் வச்சுக்கறேன்," என்று டாக்டர் ஆள் மூலம் சொல்லி அனுப்பிவிட்டார்.

நிமியா கையோடு மிர்ணாவை அழைத்து வந்தாள். நெட்வொர்க் வேலை பார்க்கும் பெண், அடுத்த தெரு. அவள் அந்தப் போனிலிருந்து தன் அண்ணனைக் கூப்பிட்டு, அவன் கோழிகள் வரைக்கும் விசாரித்தாள். கட்டாகவில்லை.

"நல்லாத்தானேக்கா இருக்கு," என்று குளிர்ந்த தெரெரே மூலிகை டீயை உறிஞ்சி முடித்து எழுந்தாள்.

எவரிஸ்தோ இடது கையால் மேஜையைத் தட்டினான். தட்டிய கையாலேயே ஒரு நோட்டை முன்னே தள்ளினான்.

இருபத்தெட்டு வருஷம் பஸ் நிலையத்தில் டைம் கீப்பராக இருந்தவன் அவன். பேச்சு போனாலும் பழக்கம் போகவில்லை. பால் வந்த நேரம், நாய் குரைத்த நேரம், எல்லாம் நோட்டில் ஏறும். "இன்னும் எந்த பஸ்ஸை அனுப்பப்போற?" என்று நிமியா எத்தனை முறை எரிந்து விழுந்திருக்கிறாள்!

மிர்ணா பக்கத்தைப் பார்த்தாள். வந்த போன்கள் அத்தனைக்கும் எதிரே கோணல் எழுத்தில் ஒரே எண்: 32, 32, 32.

"அட, அண்ணே! மனுஷங்க கோவத்துல வச்சா பத்து விநாடில வைப்பாங்க, நாப்பதுல வைப்பாங்க. எல்லாம் முப்பத்திரண்டுன்னா மெஷின் வேலைதான்."

"எனக்குப் புரியற மாதிரி சொல்லேன்டி."

"வர்ற போனை நீங்க எடுத்ததும், உங்க போன் 'எடுத்தாச்சு'ன்னு முகவரியோட ஒரு சீட்டு அனுப்பும். அதுல இருக்கறது வீட்டுக்குள்ள செல்லுபடியாகற முகவரி. வாசல்ல ரவுட்டர் அதை வெளிமுகவரியா மாத்தணும். இந்தப் புதுசு உதவி பண்றேன்னு தப்பா மாத்துது. 'சரி, கிடைச்சுது'ங்கற பதில் வழி தவறிப் போயிடுது. முப்பத்திரண்டு விநாடி காத்துப் பார்த்துட்டு உங்க போனே வச்சிடுது. நான் இங்கேருந்து கூப்பிட்டப்ப இந்தச் சீட்டு வேலையே இல்ல, அதான் கட்டாகல."

மிர்ணா ரவுட்டரின் அந்த உதவியை அணைத்தாள். வெளிமுகவரியைத் தானே கேட்டு எழுதும்படி போனுக்குச் சொல்லிக் கொடுத்தாள்.

ஐந்து மணிக்குப் போன் அடித்தது.

"நல்லா இருக்கியாம்மா? எவரிஸ்தோ எப்படி இருக்கான்? அங்க மழை உண்டா?" டாக்டர் ஒன்றையும் விடவில்லை. எவரிஸ்தோ கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. முப்பது. முப்பத்தொன்று. முப்பத்திரண்டு.

"முப்... பத்தி... மூணு," என்றான் எவரிஸ்தோ.

ஏழு மாதத்துக்குப் பிறகு அவன் பேசிய முதல் வார்த்தை. மிர்ணா வாயைப் பொத்திக்கொண்டாள். நிமியா ஒரு கையில் போனும் மறு கையில் அவன் தலையுமாக நின்றாள். இந்த மனுஷனையா திட்டினோம் என்று விசும்பினாள். இருவருக்கும் எப்படி நன்றி சொல்வாள்?

"நிமியா? லைன்ல இருக்கியா? அழறியா என்ன?"

"இருக்கேன் டாக்டர், இருக்கேன். அவர் நல்லா இருக்கார். நீங்க சொல்லுங்க, உங்க வீட்ல எல்லாரும் சுகமா?"