திரும்பி வருவதற்கான காரணங்கள்

வெற்றிச்செல்வி எம்.ஏ. ஆங்கிலம் படித்தவள். அரியலூரில் ஒரு தனியார் பள்ளியில் ஐந்து வருடமாக ஆங்கிலம் எடுத்தாள். பிழையில்லாமல் எழுதுவாள், எந்த வாக்கியத்தைக் கொடுத்தாலும் இலக்கணம் பிரித்துக் காட்டுவாள். ஆனால் யாராவது ஆங்கிலத்தில் பேசினால் வாய் திறக்க வராது. கல்லூரியில் தமிழில்தான் விளக்கினார்கள், அவளும் தமிழில்தான் புரிந்துகொண்டாள். பள்ளியின் தாளாளருக்கு அது தெரியும்.

"டீச்சர், நீங்க கிராமர் நல்லா எடுக்கறீங்க. பேரன்ட்ஸ் மீட்டிங் அன்னிக்கு மட்டும் ஸ்டாஃப் ரூம்லயே இருந்துக்கங்க" என்றார் ஒருநாள்.

அந்த வருடம் மேல்வகுப்புகளுக்கு ஆங்கில ஆசிரியை வேண்டும் என்றபோது, கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒரு பி.ஏ. பெண்ணைப் போட்டார்கள். அந்தப் பெண் எழுதிய கேள்வித்தாளைத் திருத்திக் கொடுத்தது வெற்றிச்செல்வி. அன்றைக்குத்தான் அவள் வெளிநாடு போய்ப் பேசக் கற்றுக்கொண்டு வருவது என்று முடிவெடுத்தாள். அயர்லாந்தில் இருபத்தைந்து வாரப் படிப்பு ஒன்று இருந்தது. அதற்கு முன்னால் ஐ.இ.எல்.டி.எஸ். பரீட்சை எழுத வேண்டும். பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு கோச்சிங் சென்டரில் ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குச் சேர்ந்தாள்.

அங்கேதான் ருமைசா அறிமுகமானாள். லப்பைக்குடிக்காட்டுப் பெண். அவளுடைய அத்தா மதார் பத்தொன்பது வருடம் ஷார்ஜாவில் இருந்துவிட்டு வந்து பெரம்பலூரில் பாத்திரக்கடை வைத்திருந்தார். ருமைசா எட்டாம் வகுப்பு வரை ஷார்ஜாவிலேயே படித்தவள். ஆங்கிலம் அவள் வாயில் தண்ணீர் மாதிரி ஓடும். எழுதச் சொன்னால் மூன்று வரியில் நான்கு பிழை இருக்கும்.

"நீ எனக்கு எழுதக் கத்துக்குடு, நான் உனக்குப் பேசக் கத்துத்தரேன்" என்றாள் முதல் வாரமே.

வகுப்பு முடிந்ததும் இரண்டு பேரும் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் ஒரு மணி நேரம் ஆங்கிலத்தில் பேசுவார்கள். வெற்றிச்செல்வி தடுமாறினால் ருமைசா சிரிக்காமல் காத்திருப்பாள். அப்படிக் காத்திருந்தவர்கள் வெற்றிச்செல்விக்கு அதுவரை யாரும் இல்லை. அயர்லாந்து படிப்பைப் பற்றிக் கேட்டதும் ருமைசாவுக்கும் ஆசை வந்துவிட்டது. கடையை ஆன்லைனில் கொண்டுபோக வேண்டும், வெளிநாட்டுக்கு ஆர்டர் எடுக்க வேண்டும், அதற்கு ஒழுங்காக எழுதத் தெரிய வேண்டும் என்று அவளுக்கு ஒரு கணக்கு இருந்தது.

அவளுடைய அம்மா ஹபீபாவுக்கு இதில் விருப்பமில்லை. மாப்பிள்ளை பார்க்கிற நேரத்தில் இது என்ன என்றாள். மதார் வெற்றிச்செல்வியை ஒரு தடவை கடைக்கு வரச் சொல்லிப் பார்த்தார். பார்த்துவிட்டு, "இந்தப் புள்ள கூடப் போறதா இருந்தா போயிட்டு வா" என்று மகளிடம் சொன்னார்.

திருச்சியில் பரீட்சை. விடியற்காலை ஐந்து மணி பஸ்ஸில் இரண்டு பேரும் சேர்ந்து போனார்கள். ருமைசா பயத்தில் முந்தின நாள் ராத்திரியிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. பரீட்சை மையத்து வாசலில் கண் இருட்டி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வெற்றிச்செல்வி ஓடிப்போய் சர்க்கரை அதிகம் போட்ட டீயும் பன்னும் வாங்கி வந்து ஊட்டினாள். பத்து நிமிஷத்தில் சரியாகிவிட்டது. ருமைசா உள்ளே போய்ப் பரீட்சை முழுவதையும் எழுதிவிட்டு வந்தாள்.

"அத்தாகிட்ட சொல்லிராத. அவரு பயந்துருவாரு" என்றாள் திரும்பும்போது. வெற்றிச்செல்வி சத்தியம் செய்து கொடுத்தாள்.

இரண்டு பேரும் தேறினார்கள். ஏன் இந்தப் படிப்புக்கு வர விரும்புகிறேன் என்று விசாவுக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும். தன்னுடையதையும் ருமைசாவுடையதையும் வெற்றிச்செல்விதான் எழுதினாள். ருமைசாவின் பாத்திரக்கடையைப் பற்றி எழுதுவது அவளுக்குச் சுலபமாக இருந்தது. தன்னைப் பற்றி எழுதத்தான் நாலு நாள் ஆனது.

மார்ச் மாதம் பாஸ்போர்ட்டுகள் திரும்பி வந்தன. ருமைசாவின் பாஸ்போர்ட்டில் விசா ஒட்டியிருந்தது. வெற்றிச்செல்வியின் பாஸ்போர்ட்டோடு இரண்டு பக்கக் கடிதம் ஒன்று இருந்தது.

அவளுடைய அப்பா ராசாங்கம் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டிவிட்டு அப்போதுதான் வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தார். அம்மா பொன்னாயி சத்துணவுக்கூடத்திலிருந்து வந்து அடுப்படியில் இருந்தாள்.

"என்ன எழுதியிருக்கான்?" என்று கேட்டார் ராசாங்கம்.

"எம்.ஏ. இங்கிலீஷ் படிச்சவ இங்கிலீஷ் படிக்க எதுக்கு வரணும்னு கேக்கறாங்கப்பா."

"அப்பறம்?"

"படிப்பு முடிஞ்சு திரும்பி வர்றதுக்கு நமக்கு இங்க என்ன இருக்குன்னு காட்டலயாம்."

"ஏன், நாங்க இருக்கோமே?"

"அது பத்தாதாம்ப்பா. நெலம், வூடு, சொந்தத் தொழிலு, நல்ல வேலை... இந்த மாதிரி."

ராசாங்கம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே யோசித்தார். "அதெல்லாம் இருந்தா நீ எதுக்குப் போற?" என்றார். அவர் நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார்.

அவருடைய அப்பாவும் தாத்தாவும் அடுத்தவன் வயலில் வேலை செய்தவர்கள். பட்டா என்று ஒரு காகிதம் அந்தக் குடும்பத்துக்கு வந்ததே, இப்போது இருக்கிற இந்தக் காலனி வீட்டுக்குத்தான். அதை விசா விண்ணப்பத்தோடு வைக்கலாமா என்று வெற்றிச்செல்வி யோசித்து, வெட்கப்பட்டு வைக்காமல் விட்டிருந்தாள். இப்போது அதை நினைத்ததும் அவளுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது. பிறகு அந்தக் கோபம் எங்கெங்கோ திரும்பியது. தான் எழுதிய இரண்டு கடிதங்களில் ஒன்று ஜெயித்திருந்தது. அது தன்னுடையது இல்லை.

ருமைசா போனில் அழுதாள். "அப்பீல் பண்ணு. ரெண்டு மாசம் டைம் இருக்கு" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "ஒரு உதவி செய்யி. அத்தா இப்ப தயங்கறாரு. நீ ஒரு தடவ வூட்டுக்கு வந்து, அவ தனியா சமாளிச்சுக்குவான்னு சொல்லு. உன் வார்த்தைக்கு மரியாதை வெச்சிருக்காரு" என்றாள்.

"வரேன்" என்றாள் வெற்றிச்செல்வி. அப்படிச் சொல்லும்போது மனதில் வேறு எதுவும் இல்லை.

சனிக்கிழமை பெரம்பலூர் வந்து அகரம்சீகூர் பஸ் பிடித்து லப்பைக்குடிக்காட்டில் இறங்கினாள். மாடி வீடு. கூடத்தில் புது சூட்கேஸ் ஒன்று உறை பிரிக்காமல் நின்றது. ஹபீபா நெய்ச்சோறு ஆக்கியிருந்தாள். சாப்பிட்டு முடித்ததும் அலமாரியிலிருந்து இரண்டு கம்பளிச் சட்டைகளை எடுத்து வந்தாள்.

"திருச்சியில ரெண்டு பேருக்கும் சேத்துதான் எடுத்தேன். இது உன்னோடது. வெச்சுக்கம்மா, எப்பவாவது ஆவும்."

வெற்றிச்செல்வி அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். பச்சை நிறம். தடியாக, நல்ல விலையுள்ளதாக இருந்தது. அரியலூர் வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு எங்கே போவது? ஹபீபா அன்பாகத்தான் கொடுத்தாள் என்று அவளுக்குத் தெரிந்தது. தெரிந்தும் வயிறு எரிந்தது.

மதார் எதிரில் வந்து உட்கார்ந்தார். ருமைசா அம்மாவின் பக்கத்தில் நின்றாள்.

"சொல்லும்மா. நீதான் இவகூட நாலு எடத்துக்குப் போயி வந்தவ. தனியா அனுப்பலாமா? எம் புள்ள தாங்குவாளா?"

ருமைசா அவளைப் பார்த்து இலேசாகத் தலையாட்டினாள். சொல்லு, சொல்லு என்பது போல.

வெற்றிச்செல்வி மடியில் இருந்த சட்டையைப் பார்த்தாள். "ரெண்டு பேரா போனா கவல இல்லங்க அத்தா. தனியான்னா..." என்று நிறுத்தினாள். பிறகு சொன்னாள்: "திருச்சிக்குப் பரீட்சைக்குப் போனப்பகூட வாசல்ல மயக்கமாயி உக்காந்துட்டா. நான் பக்கத்துல இருந்ததால ஆச்சு. உங்ககிட்ட சொல்ல வேணாம்னு சொன்னா."

ஹபீபா நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

"அத்தா, அன்னிக்கு நான் சாப்புடல. அதான்... வெற்றி, சொல்லேன்! டீ குடிச்சதும் சரியாப்போச்சுன்னு சொல்லேன்!"

வெற்றிச்செல்வி வாய் திறப்பதற்குள் மதார் கையை உயர்த்தினார்.

"மயக்கம் வர்றது தப்பில்லம்மா. மறைச்சியே." அவர் குரல் உயரவில்லை. "ஷார்ஜால மொதல்ல நான் தனியா இருந்தப்ப எங்க ரூம்ல ஒருத்தன் நெஞ்சு வலிக்குது, நெஞ்சு வலிக்குதுன்னு எங்ககிட்ட சொல்லுவான். வூட்டுக்குப் போன் போட்டா நல்லாருக்கேம்பான். நாங்களும் அவன் சொல்லக் கூடாதுன்னான்னு சொல்லல. ஒருநாள் விடியக்கால சுபுஹு தொழுகைக்கு எழுப்பறேன், மவுத்தாயிக் கெடக்கான். அவன் பொஞ்சாதி முகத்துல நான்தான் போயி முழிச்சேன்." எழுந்து நின்றார். "இந்தப் பேச்ச இதோட விட்ருவோம்."

பஸ் நிறுத்தம் வரை ருமைசா கூட வந்தாள். பஸ் வருவது தெரிந்ததும் கேட்டாள்.

"ஏன் சொன்ன?"

"நடந்ததத்தானே சொன்னேன்."

"நடந்ததுல பாதியச் சொன்ன. மீதிய நான் சொல்லச் சொன்னப்ப வாயத் தொறக்கல."

"அதுக்குள்ள அத்தா பேச ஆரம்பிச்சிட்டாரு."

"நீ போவலன்னா நானும் போவக் கூடாது. அவ்வளவுதானே?"

வெற்றிச்செல்வி பஸ்ஸில் ஏறிவிட்டாள். பச்சைச் சட்டை பையில் இருந்தது. இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பஸ் கிளம்பிக் கொஞ்ச தூரம் போன பிறகும் அந்த வார்த்தை வரவில்லை. உள்ளே எங்கேயோ ஒரு நிம்மதி இருந்தது. அதுதான் அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

ருமைசாவின் படிப்பை மதார் ரத்து செய்தார். இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல், அரியலூருக்கு வெற்றிச்செல்வியின் வீட்டைத் தேடி வந்தார். ராசாங்கம் பதறிப்போய் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். பொன்னாயி டீ போட்டாள்.

மதார் பையிலிருந்து ஒரு கவரை எடுத்தார். "எங்க ஊருல சின்னதா ஒரு நர்சரி ஸ்கூல் நடத்தறோம். கமிட்டில நானும் இருக்கேன். படிச்சு முடிச்சு வந்ததும் இவளுக்கு அங்க ஹெட்மிஸ்ட்ரஸ் வேலைன்னு லெட்டர் போட்டிருக்கோம். பேச்சு இங்கிலீஷ் அவசியம், அதுக்காகத்தான் போறான்னும் எழுதியிருக்கு. இத வெச்சு அப்பீல் பண்ணட்டும்."

ராசாங்கம் கவரைக் கையில் வாங்கவே தயங்கினார். "எதுக்குங்க நீங்க இவ்வளவு தூரம்..."

"எம் மவ கோவிச்சுக்குவான்னு தெரிஞ்சும் உண்மையச் சொன்ன புள்ளங்க இது. வேற யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க. அல்லாஹ் போதுமானவன். இவ போவணும்."

பொன்னாயி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். வெற்றிச்செல்வி சுவரோரம் நின்றிருந்தாள். இப்போது சொல்லிவிடலாம். அவள் சாப்பிடாததால்தான் மயங்கினாள், பத்து நிமிஷத்தில் தேறினாள், நான் பொறாமையில் சொன்னேன் என்று மூன்று வாக்கியம். ருமைசாவின் விசாவுக்கு இன்னும் காலம் இருந்தது. ராசாங்கம் கவரை அவள் பக்கம் நீட்டினார். அவர் கை நகங்களில் சுண்ணாம்புத் தூள் வெள்ளையாக இருந்தது.

"வாங்கிக்கம்மா" என்றார்.

வாங்கிக்கொண்டாள்.

"ரொம்ப நன்றிங்க அத்தா" என்றாள்.

அப்பீல் ஆகஸ்டில் ஜெயித்தது. கிளம்புவதற்கு முன்னால் லப்பைக்குடிக்காட்டுக்குச் சொல்லிக்கொள்ளப் போனாள். ருமைசா அண்ணன் வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்றாள் ஹபீபா. வாசலில் ருமைசாவின் செருப்பு கிடந்தது. வெற்றிச்செல்வி அதைக் காணாதது போல் திரும்பி வந்தாள்.

டப்ளினில் அவளோடு ஒரே வீட்டில் பிரேசில் பெண்கள் மூன்று பேர் இருந்தார்கள். வகுப்பில் முதல் மாதம் திணறினாள். மூன்றாவது மாதம் பேச ஆரம்பித்தாள். ருமைசாவுக்கு அனுப்பிய எந்தச் செய்திக்கும் பதில் வரவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமைதோறும் ஜும்ஆ தொழுகை முடிந்ததும் மதார் போன் செய்வார். அங்கே மதியம், இங்கே காலை. சாப்பிட்டியா, குளிரு தாங்குதா, வாத்தியாரு நல்லவரா என்று கேட்பார். பெற்ற மகளிடம் பேசுகிற மாதிரி பேசுவார். அந்த ஐந்து நிமிஷத்துக்குப் பயந்து அவள் வியாழக்கிழமைகளில் சரியாகத் தூங்குவதில்லை.

டிசம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை, ருமைசாவுக்கு நிக்காஹ் முடிவாகிவிட்டது என்றார். மாப்பிள்ளை கத்தாரில் இருக்கிறான், நல்ல பையன், துஆ செய்யம்மா என்றார். "அவளுக்கு இன்னும் ஒம்மேல வருத்தந்தான். போவப் போவப் புரிஞ்சுக்குவா."

வெற்றிச்செல்வி மொழிப் பள்ளியின் வாசலில் மழைக்கு ஒதுங்கி நின்றிருந்தாள்.

"அவ புரிஞ்சுக்க ஒண்ணுமில்லங்க அத்தா. அன்னிக்கு அவ முந்தின ராத்திரிலேருந்து சாப்புடல, அதான் மயக்கம். டீ குடிச்சதும் சரியாயிட்டா. தனியாவே உள்ள போயி முழுசா எழுதிட்டு வந்தா. எனக்கு அது தெரியும். எனக்குக் கெடைக்கலங்கற எரிச்சல்லதான் நான் அப்படிச் சொன்னேன்."

போனில் பெரம்பலூர்க் கடைவீதியின் ஹாரன் ஒலி கேட்டது.

"நான் உன் வூட்டுக்கு வந்தப்பவாவது சொல்லியிருக்கலாமேம்மா" என்றார் மதார்.

"ஆமாங்க அத்தா."

"ஏன் சொல்லல?"

அந்தக் கவருக்காகத்தான் என்பது அவருக்கே தெரிந்திருக்கும். "சரிம்மா, கடையில ஆளு நிக்கிது" என்று வைத்துவிட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை போன் வரவில்லை. அதற்கடுத்த வெள்ளிக்கிழமையும் வரவில்லை. படிப்பு முடிந்து அந்த நர்சரி ஸ்கூலுக்குத் திரும்ப இன்னும் பதினோரு வாரம் இருந்தது.