மூன்றாவது ஆடு

நாற்பது வருஷம் உயிருள்ள ஆட்டுக்கு மயிர் கத்தரித்தவன் நான். கிளப் சூதாட்ட மெஷினின் கண்ணாடிக்குள் ஓடுகிற பொம்மை ஆட்டைப் பார்த்து மூச்சைப் பிடித்துக்கொள்ளும் ஜனங்களைக் கண்டால் காறித் துப்பத் தோன்றும். கிளப்பில் மதியச் சாப்பாடு மலிவு. அதற்காகத்தான் போகிறேன், வேறொன்றுக்கும் இல்லை.

அன்றைக்கு வாசலில், வெயிலில் கொதிக்கிற காருக்குள் பக்கத்து வீட்டு மெர்வ் உட்கார்ந்திருந்தான். இரண்டு கண்ணிலும் புரை. ஒரு கண்ணுக்கு, ஒரு மணி நேரம் தள்ளியிருக்கிற டப்போ ஆஸ்பத்திரியில் இரண்டு மணிக்கு ஆபரேஷன். பதினாலு மாதம் காத்திருந்து கிடைத்த நாள், தவறினால் இன்னொரு வருஷம் தடவிக்கொண்டு திரிய வேண்டியதுதான். கார் ஓட்ட வேண்டியவள் அவன் பெண்டாட்டி நோலீன்.

"ஏய் கிளாரி, அவ அஞ்சு நிமிஷம்னு உள்ள போனா. மணி என்ன?"

"பன்னெண்டேகால். இரு, இழுத்துட்டு வரேன்."

மெஷின் முன்னால் இருந்தாள். மூன்று ஆடு ஒரே கோட்டில் நின்றால் பெரிய பணம். இரண்டு நின்றது. மூன்றாவது ஒரு விரல் கீழே போய் நின்றது.

"பாத்தியா! மயிரிழைல போச்சு!"

"போச்சுன்னா போச்சு. மயிரிழைல போனா என்ன, ஒரு மைல் தள்ளிப் போனா என்ன? கிளம்பு."

"மெஷின் சூடு ஏறியிருக்குய்யா, கொட்டப் போகுது. இப்ப எந்திரிச்சா எவனாவது உக்காந்து அள்ளிட்டுப் போயிடுவான்."

சொல்லும்போதே பதினெட்டு டாலர் விழுந்தது. மணி அடித்தது, விளக்கு எரிந்தது. எடுத்தாளா? அழுத்தி அழுத்தி அதையும் கரைத்தாள்.

"உனக்குக் காசும் வேணாம். பின்ன எதுக்குத்தான் இங்க குந்தியிருக்கே?"

திரும்பாமலே சொன்னாள். "வீட்ல விடிஞ்சா சாக்ஸ் எங்க, மாத்திரை எங்கன்னு ஒரே கூப்பாடு. இது முன்னாடி உக்காந்தா தலைக்குள்ள சத்தம் நின்னுடுது."

அவள் வாயில் வந்த நிஜம் அது ஒன்றுதான். அந்த நிம்மதியை வீட்டு வாசலில் ஒரு நாற்காலி போட்டு இலவசமாகவே வாங்கலாம்.

எழுந்து போகிறவர்கள் மெஷினைப் பிடித்துவைக்க ஒரு பொத்தான் உண்டு. மூன்று நிமிஷம் யாரும் தொட மாட்டார்கள். கக்கூசுக்குப் போய்வர அது போதும், டப்போவுக்குப் போதாது.

"நீ உக்காரு. எதையும் தொடாதே, எவனையும் விடாதே. அப்பத்தான் போவேன்."

மெர்வின் கண்ணுக்காக உட்கார்ந்தேன். ஓடினாள்.

கார் கிளம்பிய சத்தம் அடங்கவில்லை, ஒரு காலத்தில் லாரி ஓட்டிய டெஸ் வந்து நின்றான். "ஆடுறியா, இல்ல அடைகாக்குறியா?"

"நீயே காத்துக்கோ" என்று எழுந்து சாப்பிடப் போனேன்.

ஆறு மணிக்கு நான் பீர் வாங்க வந்தபோது அவர்களும் வந்தார்கள். வீட்டுக்கல்ல, நேரே கிளப்புக்கு. மெர்வுக்கு ஒரு கண்ணில் கட்டு.

"யாரை விட்டே?" என்றாள் நோலீன்.

"டெஸ்ஸை."

முகம் செத்துப்போயிற்று. "விழுந்துச்சா?"

"ஒரு மண்ணும் விழல. கொண்டுவந்ததெல்லாம் விட்டுட்டுப் போனான்."

அந்த முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்க்கணும். "அப்ப இன்னும் உள்ளதான் இருக்கு!"

மெர்வ் தடவித் தடவி ஒரு ஸ்டூலை இழுத்து அவள் பக்கத்தில் போட்டுக்கொண்டான். "டெஸ் நல்லா தீனி போட்டு வெச்சிருக்கான். அழுத்துடி."