சரிய வேண்டிய கோடு

எடை மெஷின் மேல் கிண்ணத்தை வைத்துவிட்டு, அக்காவுக்குப் புரோட்டீன் பவுடரை அள்ளப்போன தம்பியின் கை பாதியில் நின்றது. கிண்ணம் காலி. மெஷினோ ஒரு எண்ணைக் காட்டிக்கொண்டிருந்தது. பொத்தானை அழுத்தி அதை ஜீரோ ஆக்கிய பிறகுதான் பவுடரைப் போட வேண்டும் என்பது அக்கா போட்ட சட்டம்.

இதே கிண்ணம்தான். அன்றைக்கு அக்காவின் பொம்மை விமானத்தின் வால் மெஷின் மேல் நிற்காமல் சரிந்தது. அக்கா இதைக் கவிழ்த்து வைத்து, அதன் மேல் வாலை நிறுத்தி எடை பார்த்தாள். அப்போது யார் ஜீரோ பொத்தானை அழுத்தினார்கள்?

யாருமே அழுத்தவில்லை.

அக்கா திரைச்சீலை தைக்கும் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்தவள். அங்கே அவளுக்குக் கத்திரி என்று பெயர். அரை இஞ்ச் பிசகினால் ஆளை உண்டு இல்லை என்று பண்ணிவிடுவாள். நுரையீரல் கைவிட்டு, ஆக்சிஜன் மெஷினோடு கட்டிலில் விழுந்த பிறகு அந்த வாய் சும்மா இருக்குமா? லேப்டாப்பைக் கேட்டாள். காற்றோட்டத்தைக் கணக்குப் போடும் ஒரு சாஃப்ட்வேரை இறக்கி, வீடியோ பார்த்துக் கற்றுக்கொள்ளத் தொடங்கினாள். கையால் எறிந்தால் மிதந்து போகும் ஒரு குட்டி விமானம் செய்ய வேண்டுமாம்.

"துணி எப்படி விழும்னு எனக்கு நல்லாத் தெரியும்டா. விழாம நிக்கிறது எப்படின்னு ஒரு தடவை பாத்துடணும்" என்றாள்.

அவள் கை நடுங்கும் என்பதால் மவுஸ் தம்பியிடம் வந்தது. அவன் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். பகலெல்லாம் 'கிளட்சை மெதுவா விடு' என்று அவன் கத்துவான். வீட்டுக்கு வந்தால் 'மவுஸை மெதுவா நகர்த்துடா' என்று அக்கா கத்துவாள். ஒவ்வொரு பாகத்தின் எடையையும் கொடுத்தால் சாஃப்ட்வேர் கடைசியில் ஒரு கோடு போடும். கோடு வலப்பக்கம் சரிந்தால் விமானம் தன்னைத்தானே நிமிர்த்திக்கொண்டு நேராகப் போகும். ஏறினால் குட்டிக்கரணம்தான்.

கோடு ஏறிக்கொண்டே இருந்தது. இறக்கையை நகர்த்திப் பார்த்தார்கள், வாலைப் பெரிதாக்கிப் பார்த்தார்கள். "மூக்குல கொஞ்சம் களிமண்ணை அப்பிடலாம்க்கா, வீடியோல எல்லாரும் அதைத்தான் பண்றாங்க" என்றான் தம்பி.

"தையல் கோணலாப் போச்சுன்னா லேஸ் வச்சு மறைக்கிற வேலை அது. கோடு சரியட்டும், அப்புறம் வாலை ஒட்டலாம்."

நேற்று வந்த டாக்டர் தம்பியை வாசலுக்கு அழைத்து, இனி எந்த நேரமும் உயிர் போகலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். மனுஷி தோற்றுப்போன நினைப்போடு போய்விடக் கூடாதே என்பதுதான் அவனுக்கு இரவெல்லாம் கவலை. இப்போது கிண்ணம் கையில் இருக்கிறது. ஆனால் வாழ்நாளெல்லாம் ஊரார் அளவைத் திட்டியவளிடம், தப்பு உன் அளவில்தான் என்று எந்த வாயால் சொல்வது?

கட்டிலருகே போய் லேப்டாப்பைத் திறந்தான்.

"அக்கா, வாலோட எடையை மாத்திப் பாக்கவா? கிண்ணத்தோட சேத்து எழுதிட்டோம். நான்தான் ஜீரோ பண்ணாம விட்டுட்டேன்."

அக்கா கண்ணைத் திறந்தாள். "நீ மெஷின் பக்கமே வரலையேடா. நம்பர் தெரியறதுக்கு டார்ச்சைப் பிடிச்சுக்கிட்டு நின்னே." மூச்சு வாங்கினாள். "நான்தான்."

அவன் மவுஸை எடுத்தான்.

"அந்தக் கட்டிங் பசங்களுக்குத் தெரிஞ்சா மேளம் அடிச்சுக் கொண்டாடுவானுங்க" என்று அவளே சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, அடங்கி, மறுபடியும் சிரிப்பானது. "சரி, போடு."

தம்பி எண்ணை மாற்றினான். கணக்கு ஓடுவதைக் காட்டும் பச்சைப் பட்டை மெல்ல நகர்ந்தது. கோடு வந்தது.

"சரியுதா?"

"சரியுதுக்கா."

"சும்மா சொல்லாத."

லேப்டாப்பை அவள் முகத்தருகே தூக்கிப் பிடித்தான். அக்கா இடப்பக்கம் மேலே விரலை வைத்து, கோட்டின் மீதே வலப்பக்கம் இறக்கிக்கொண்டு வந்தாள்.

"பாவம், அது முதல்லேர்ந்தே ஒழுங்காத்தான் இருந்திருக்கு. போய் வாலை ஒட்டு. எறியறப்ப உன் பலத்தையெல்லாம் காட்டாத. விட்டாப் போதும், அதுவே போகும்."

சமையலறை மேஜையில் வாலை ஒட்டி, பசை காயும்வரை பிடித்துக்கொண்டிருந்தான். திரும்பி வந்தபோது ஆக்சிஜன் மெஷின் மட்டும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அக்கா இல்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். பிறகு மெஷினை அணைத்தான். வீடு இவ்வளவு அமைதியாக இருக்கும் என்பதே அவனுக்கு மறந்துபோயிருந்தது. அழுகை வரும் என்று பார்த்தான். முதலில் வந்தது 'அப்பாடா'தான். அதற்காக வெட்கப்பட்டான், ஆனாலும் அது போகவில்லை.

மறுநாள் அடக்கத்துக்குக் கட்டிங் பிரிவிலிருந்து ஒருவர் வந்திருந்தார். "கடைசியில ரொம்பக் கஷ்டப்பட்டாங்களா தம்பி?"

"இல்லைங்க. சிரிச்சுக்கிட்டுத்தான் இருந்தா."

"யாரையாவது திட்டினாங்களா?"

"இந்தத் தடவை யாரையும் திட்டலை."

அவர் நம்பாமல் பார்த்தார்.

அடுத்த நாள் காலை, மாணவர்கள் வருவதற்கு முன்பே டிரைவிங் ஸ்கூல் மைதானத்தில் விமானத்தோடு நின்றான் தம்பி. தலைக்கு மேல் பிடித்து, எறியாமல் விட்டான். மூக்கு கொஞ்சம் மேலே ஏறியது. அவனுக்கு உயிரே போய்விட்டது. பிறகு மூக்கு தானாகவே இறங்கி, நேராகி, ஆரஞ்சுக் கூம்புகளையெல்லாம் தாண்டி, கம்பி வேலியையும் தாண்டி, அந்தப் பக்கத்துப் புல்வெளியில் எங்கோ போய் இறங்கியது.

பழக்கதோஷத்தில் கடிகாரத்தைப் பார்த்தான். வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவில் ஓடிப்போய் அவளுக்கு மருந்து கொடுத்துவிட்டு ஓடிவந்த பழக்கம். கையைக் கீழே விட்டான்.

வேலியை எகிறிக் குதித்தால் ஒரு நொடியில் எடுத்துவிடலாம். அவன் கேட் வழியாகச் சுற்றிக்கொண்டு நடந்து போனான்.