டயாலிசிஸ் இல்லாத வியாழன்

மலைக்கோட்டைக்கு ஏறும் கேபிள் ரயிலில் நிற்கும்போது பத்மாவின் கைபேசி அடித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து, ஆங்கிலம் தெரிந்த தாதி. கடைசி இரத்தப் பரிசோதனை சரிவரவில்லையாம். பத்மாவின் சிறுநீரகத்தைத் தங்கை யோகாவின் உடம்பு ஏற்காது. திங்கட்கிழமை ஒப்பரேஷன் இல்லை; யோகாவுக்கு நாளை டொக்டரே சொல்லுவார். பத்மா "தேங்க் யூ" என்றாள். எதற்காக அதைச் சொன்னாள் என்று அவளுக்கே விளங்கவில்லை.

"ஆரக்கா?" என்றாள் யோகா, கண்ணாடியில் மூக்கை ஒட்டியபடி.

"அத்தான். மெல்பேர்னிலயிருந்து."

தொண்ணூறில் அகதியாக ஜெர்மனிக்கு வந்தவள் யோகா. இருபத்திரண்டு வருடமாக, இங்கிருந்து ஒரு மணி நேரத் தொலைவில், சாப்பாட்டுக்கடைக் குசினிகளில் கோப்பை கழுவினாள். இந்த ஹைடெல்பேர்க் நகரை ஒருநாளும் பார்த்ததில்லை. சிறுநீரகம் இரண்டும் நின்றுபோய், கிழமைக்கு மூன்று நாள் டயாலிசிஸ் மெஷினோடு படுக்கத் தொடங்கிய பிறகு, எதிர்ச்சுவரில் மாட்டியிருந்த படத்தில்தான் இந்தச் சிவப்புக் கோட்டையைக் கண்டாளாம். ஒப்பரேஷனுக்கு முன் பார்த்துவிட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். மெல்பேர்னின் கிளென் வேவர்லியிலிருந்து வந்து இறங்கியிருந்த பத்மாவும் சந்தோஷமாகத்தான் வெளிக்கிட்டாள்.

கோட்டை முற்றத்து மரவாங்கில் தங்கையை இருத்திவிட்டு, கழிப்பறை வரிசையில் நின்று கணவனை அழைத்தாள். கணேசலிங்கம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப என்ன செய்யிறது. வெளிக்கிட்டு வாருமன்" என்றார்.

"நீங்கள் ஒருக்கா உங்கட இரத்தத்தைக் குடுத்துப் பாருங்கோவன்."

"எனக்குச் சுகர் எண்டு தெரியும்தானே, பத்மா."

"அப்ப கோயில்ல கேளுங்கோ. வேலையில கேளுங்கோ. ஆரெண்டாலும் சரி." குரல் உடைந்தது. முன்னால் நின்ற சீனப் பெண்மணி, அவசரம் என்று நினைத்துத் தன் இடத்தை விட்டுக்கொடுத்தாள்.

நிலவறையில் வீடளவு பெரிய வைன் பீப்பா ஒன்று கிடந்தது. மேலே ஏறிப் பார்க்கப் படிக்கட்டும் வைத்திருந்தார்கள். யோகா அண்ணாந்து பார்த்தாள்.

"ரெண்டு லட்சம் லீற்றர் கொள்ளுமாம். எனக்குக் குடிக்க விடுறது ஒரு நாளைக்கு முக்கால் லீற்றர்." சிரித்தாள். "ஒப்பரேஷன் முடிய என்ன செய்யப்போறன் தெரியுமே? குழாய்க்குக் கீழ வாயை வைச்சு, வயிறு முட்ட முட்ட..."

"யோகா. ஏலாதாம்."

"என்ன ஏலாது?"

"என்ர கிட்னி உனக்குப் பொருந்தாதாம். ரயிலுக்க போன் எடுத்தது ஆஸ்பத்திரிக்காரர்."

காதில் கருவி மாட்டிய சுற்றுலாக் கூட்டமொன்று அவர்களை விலத்திக்கொண்டு போனது.

"நீ எப்ப போறாய்?" என்றாள் யோகா.

"நான் போகேல்ல."

"உன்ர பெட்டைக்குப் பள்ளிக்கூடச் சோதினை எண்டாய்."

"போகேல்ல எண்டிறன்!" அவள் திரும்பும் விமானம் அடுத்த மாதம் மூன்றாம் திகதி. இருவருக்கும் தெரியும்.

யோகா படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்தாள். "கோட்டைக்கு டிக்கெட் எடுத்தாச்சு. ஏறிப் பாப்பம், வா."

ஏழாவது படியில் மூச்சு முட்டி நின்றுவிட்டாள். பின்னால் வரிசை சேர்ந்தது. பத்மா இரண்டு உள்ளங்கைகளையும் தங்கையின் முதுகில் ஊன்றிக்கொண்டு நின்றாள். தடித்த கோட்டுக்குள்ளாலும் விலா எலும்புகள் ஏறி இறங்குவது தெரிந்தது. பிறகு யோகாவின் வலது சப்பாத்து மெல்ல உயர்ந்து, அடுத்த படியைத் தேடியது.