கோபித்துக்கொண்டு போன தோட்டம்

ஃபர்ஹா குடும்பத்தின் திராட்சைத் தோட்டம் ஒரு வியாழக்கிழமை காலை, எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, வேரோடு எழுந்து லித்தானி ஆற்றைக் கடந்து போய்விட்டது. அந்த ஆண்டு எங்கள் ஊரில் வெங்காயம் நன்றாக விளைந்தது, ஆப்ரிகாட் பூச்சியில் போயிற்று. தோட்டம் போனதையும் ஊரில் இவற்றோடு சேர்த்தே சொல்வார்கள். வேலியோரத்து அத்திமரம் மட்டும் போகவில்லை. அது என்றைக்குமே யாரோடும் ஒட்டாத மரம்.

தோட்டத்தை வைத்தவர் மல்ஹெம் ஃபர்ஹா. பட்டுப்பூச்சித் தொழில் படுத்த காலத்தில், ஈரச் சாக்கில் சுற்றிய கொடிக்குச்சிகளைத் தோளில் போட்டுக்கொண்டு மலையிலிருந்து பெக்கா சமவெளிக்கு இறங்கி வந்தார். நிலத்தில் கல் பொறுக்கியே கிழவரானார். அவர் மகன் ஷுக்ரி அந்தக் கற்களைக் கொண்டே வீட்டுக்கடியில் நிலவறை கட்டி, ஆளுயரச் சாடிகளைக் கழுத்துவரை மண்ணில் புதைத்தார். கடைசிவரை தன் காலாலேயே பழம் மிதித்தவர். செத்த பிறகு எத்தனை கழுவியும் பாதத்தின் ஊதா நிறம் போகாததால் அப்படியே அடக்கம் செய்தோம். அந்தச் சாடிகளுக்கு ஒரே ஒரு பிடிவாதம் உண்டு. புது ஒயின் இல்லாமல் ஒரு குளிர்காலம் காய்ந்தால் விரிசல் விட்டுவிடும். பிறகு அந்த வீட்டில் ஒயின் என்பதே கிடையாது.

எங்கள் பக்கத்தில் ஆகஸ்டில், ஆண்டவர் உருமாறிய திருநாளன்று, பாதிரியார் முதல் கூடையை மந்திரித்த பிறகுதான் திராட்சையை வாயில் வைப்போம். பச்சைக் குழந்தைக்குக்கூடக் கொடுப்பதில்லை. ஷுக்ரியின் மகன் கத்தாஸ் வாயில் வைத்தான். அந்த ஆண்டின் முதல் ஒயின் யாருடையதோ அதை மொத்தமாக வாங்கிக்கொள்வதாக ஸஹ்லே நகரத்தில் ஒரு விடுதிக்காரர் சொல்லியிருந்தார். பழுத்துவிட்டதா பார்ப்போம் என்று கத்தாஸ் திருநாளுக்கு முன்பே ஒரு பழத்தைப் பிய்த்து மென்றான், புளிக்கிறதென்று துப்பினான். தின்றதைக்கூடத் தோட்டம் பொறுத்திருக்கும், துப்பியதைத்தான் தாங்கவில்லை என்பது என் கட்சி. மறுநாள்தான் அந்த வியாழக்கிழமை.

தோட்டம் ஆற்றுக்கு அக்கரையில், ஆடு மேய்க்கும் அபு தாஹிரின் கூடாரத்தைச் சுற்றிப் போய் நின்றது. அபு தாஹிர் தொழுகை தவறாதவர், ஒயின் வாசனையே அவருக்கு ஆகாது. ஆனால் அடைக்கலம் என்று வந்தவர்களை விரட்டும் வழக்கம் கூடாரவாசிகளான அவர்களிடம் இல்லை. ஆடுகளைத் தூரத்தில் கட்டிவிட்டு, கொடிகளுக்குத் தண்ணீர் சுமந்து ஊற்றினார். கத்தாஸ் கயிறும் வண்டியுமாகப் போய் ஒரு கொடியைப் பிடித்து இழுத்தபோது அவர் குறுக்கே வந்து நின்றார்.

“என் வாசல்ல வந்து நின்னவங்க மேல கை வைக்காத தம்பி. இவங்க என் விருந்தாளிங்க.”

கத்தாஸ் வீட்டுக்கு வந்து பெட்டி கட்ட ஆரம்பித்தான். கடல் தாண்டி சாவோ பாவ்லோவில் அவன் அண்ணன் துணிக்கடை வைத்திருந்தான். மனைவி நஸ்ஹா அப்போது நிலவறையிலிருந்து ஏறி வந்தாள். தினமும் இறங்கிச் சாடிகளின் உட்புறத்தைத் தடவிப் பார்ப்பாள். ஈரம் குறைந்துகொண்டே வந்தது.

“கொடிகிட்ட மன்னிப்பு கேக்க வெக்கமா இருக்கு. அண்ணி ஆக்கிப் போடுறத உக்காந்து தின்ன மட்டும் வெக்கமா இல்லையாக்கும்?”

“செடிகிட்ட என்னடி மன்னிப்பு?”

“வெறும் செடின்னா கோவிச்சுக்கிட்டுப் போகுமா?”

அவன் கையிலிருந்த சட்டையைக் கீழே போட்டான். பெட்டியும் பாதியில் நின்றது.

திருநாளன்று கோயிலில் ஃபர்ஹா வீட்டுக் கூடை மட்டும் காலியாக இருந்தது. பூசை முடிந்ததும் அந்தக் காலிக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு நஸ்ஹா முன்னால் நடந்தாள். பாதிரியாரும் ஊர்த்தலைவரும் பெரியவர்களும், கடைசியில் கத்தாஸும் போனார்கள். வேடிக்கை பார்க்க நானும் போனேன். அபு தாஹிர் கசப்புக் காப்பி கொடுத்தார். எல்லோரும் கோப்பையை வாங்கித் தரையில் வைத்தோம். சமாதானம் பேசப் போனால் அப்படித்தான், கேட்டது கிடைத்தால்தான் குடிப்போம்.

“எனக்குச் சொந்தம்னா இப்பவே குடுத்துருவேன்,” என்றார் அபு தாஹிர். “மனசு நொந்தது எனக்கில்லையே. அவங்ககிட்டயே கேளுங்க.”

கத்தாஸ் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கொடிகளுக்கு நடுவே போய் நின்றான். அவன் யாரிடமும் மன்னிப்புக் கேட்டு நாங்கள் பார்த்ததில்லை.

“தாத்தா உங்கள ஈரச் சாக்குல சுத்தித் தோள்ல தூக்கிட்டு வந்தாரு. நான் துப்பிட்டேன். தப்பு என்மேலதான். வீட்டுக்கு வாங்க, சாடியெல்லாம் காயுது.”

காப்பி ஆறிப் போயிற்று. பிறகு அவன் பக்கத்துக் கொடி மெல்லச் சாய்ந்து, பழுத்த குலை ஒன்றை அவன் வாய்க்கு நேரே நீட்டியது. வெயிலில் நடந்து வந்தவன், தண்ணீர்கூடக் குடிக்காதவன். அவன் அதைத் தின்னவில்லை. பறித்துக் காலிக் கூடையில் வைத்து, பாதிரியார் முன்னால் கொண்டுபோய் நீட்டினான். அவர் மந்திரித்து முடித்ததும் நஸ்ஹா குனிந்து தன் கோப்பையை எடுத்துக் குடித்தாள்.

அதன்பின் கேட்ட சத்தத்தை என்னால் சரியாகச் சொல்ல முடியாது. அத்தனை வேர்களும் ஒரே சமயத்தில் மண்ணை விட்டன. பட்டப்பகலில், குருவிக்கூடுகள் கலையாமல், வேரில் ஒட்டிய மண் உதிராமல், வரிசை வரிசையாக ஆற்றில் இறங்கின. கொடிகள் கரையேறும்வரை லித்தானி ஓடாமல் நின்றது. என் பக்கத்தில் ஊர்த்தலைவர் வாய்விட்டு அழுதார். ஒவ்வொரு கொடியும் மல்ஹெம் ஊன்றிய அதே குழியில் போய் நின்றது. அந்தக் குளிர்காலம் ஒரு சாடியும் காயவில்லை, சாவோ பாவ்லோவுக்கும் யாரும் போகவில்லை.

ஒரே ஒரு கொடி மட்டும் திரும்பவில்லை. அபு தாஹிரின் கூடாரக் கம்பைச் சுற்றிக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டது. அதை யாரும் கூப்பிடவும் இல்லை. இன்றும் திருநாளன்று ஃபர்ஹா வீட்டிலிருந்து மந்திரித்த கூடை ஒன்று ஆற்றைக் கடந்து போகிறது. அது போய்ச் சேரும்வரை, தங்கள் வாசலில் எவ்வளவு பழுத்துத் தொங்கினாலும், அபு தாஹிரின் பேரப்பிள்ளைகள் ஒரு பழத்தையும் தொடுவதில்லை.