பலேத்தே மரத்தைத் தாண்டாதவன்

கதையின் கடைசிப் பக்கத்தில் அவனை வீட்டுக்கு அனுப்பிவிடலாமா என்று லூனிங் கேட்டாள். நான் படியவில்லை.

"வீடு போய்ச் சேந்தவனப் பாக்க எவன்மா காசு குடுப்பான்? காட்டுலயே விடு."

எங்களுடையது சின்னச் சின்னப் பேய்ப் படக்கதைகள். நான் எழுதி, அச்சடித்து, விற்கிறேன், வரைகிறவள் லூனிங். டிவிசோரியா சந்தையில் துணிக்கடைக்காரர் மகனாக வளர்ந்த எனக்குப் பேரம் பேசாமல் வாழைப்பழம்கூட இறங்காது. முடிவு எனக்கு, முகம் அவளுக்கு என்று பேசி முடித்தோம். டிக்பாலாங் என்கிற குதிரைத்தலையன் வழி மயக்கியதால் ஆலமரம்போல் விழுதுவிட்ட ஒரே பலேத்தே மரத்தைச் சுற்றிச் சுற்றி வருகிற ஆளுக்கு, அவள் தன் கணவன் தேபானின் முகத்தை வைத்தாள். இடது புருவத்தைப் பிளக்கும் தழும்பு உட்பட.

"முகத்துக்குக் கூலி உண்டாண்ணே?" என்று தேபான் கேட்டான்.

"பேய்க்கே குடுக்கல. உனக்கு எதுக்கு?"

அன்று காலை கடைசிக் கட்டத்துக்கும் மை ஏறியது: மறுபடியும் அதே மரம், அதே முகம். லூனிங் வழக்கம்போல் தாளைத் திருப்பி ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிப் பார்த்தாள். பின்பக்கம் வெளிச்சத்தில் தெரியும்போதுதான் முகத்தின் கோணல் அகப்படும் என்பாள். கோணல் இல்லை.

மதியம் தேபான் போன் செய்தான். பார்சல்களை எல்லாம் கொடுத்துவிட்டு மோட்டார் சைக்கிளில் சாப்பிட வந்துகொண்டிருந்தான்.

"லூனிங், நம்ம தெரு எங்க போச்சு? அந்த மஞ்சள் பேக்கரிய இப்பத்தான் தாண்டினேன். மறுபடியும் முன்னால நிக்குது."

"குடிச்சியா?"

"பச்சத் தண்ணி கூட இல்ல."

லூனிங் என்னைப் பார்த்தாள். பிறகு போனில், "சட்டையக் கழட்டு. உள்பக்கம் வெளிய வர்ற மாதிரி போடு" என்றாள். டிக்பாலாங் வழி மயக்கினால் இங்கே எவரும் செய்கிற காரியம் அது. அவனும் சிரிக்காமல் செய்தான். வண்டிச் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அவன் குரல் இறங்கியிருந்தது.

"பேக்கரிக்குப் பக்கத்துல எப்படிம்மா இவ்வளவு பெரிய மரம் வந்துச்சு?"

போன் அறுந்தது. திரும்பக் கூப்பிட்டால் மணி அடிக்கவில்லை.

லூனிங் அறைக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்தாள். நான் உட்கார்ந்தேன், எழுந்தேன், வாசலுக்குப் போய் வந்தேன். கண்ணெல்லாம் அந்தப் பக்கத்தின் மேலேயே இருந்தது.

"அங்க சட்டையத் திருப்பிட்டான். இங்க திருப்பலயே," என்று படத்தைக் காட்டினேன்.

அவளுக்கு அதற்குமேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை. தாளைக் கவிழ்த்து ஜன்னலில் ஒட்டினாள். பின்பக்கம் தெரிந்த கோடுகள் மேலேயே அவனை வரைந்தாள். மரத்தை மட்டும் முதுகுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, எதிரே தங்கள் வீட்டுக் கதவை வைத்தாள்.

மை காயுமுன் கதவு தட்டப்பட்டது.

தேபான்தான். சட்டை உள்பக்கம் வெளியே, தலையெல்லாம் மழை. லூனிங் அவனை அடித்துவிட்டு அழுதாள். "பசிக்குது" என்றான். சோறும் வறுத்த மீனும் வைத்தாள்.

இடது கையால் சாப்பிட்டான்.

எனக்குச் சரக்கில் குறை கண்டுபிடிக்கிற கண். தழும்பைத் தேடினேன். வலது புருவத்தில் இருந்தது. லூனிங்கும் பார்த்துவிட்டாள் என்பது அவள் தண்ணீர்க் குவளையை நிறைத்துக்கொண்டே இருந்ததில் தெரிந்தது. தண்ணீர் மேசையிலிருந்து அவன் மடியில் ஒழுகியது. அவன் நகரவில்லை.

அப்போது அவள் போன் அடித்தது. திரையில் தேபானின் பெயர்.

"லூனிங்," என்றது அந்தக் குரல், மூச்சு வாங்க. "சட்டையத் திருப்பிட்டேன். இப்ப பேக்கரியும் இல்ல. மரம் மட்டும்தான் வருது. நீ பேசிட்டே இரு, வெச்சிராத."

மேசையில் இருந்தவன் மீன் முள்ளைப் பொறுமையாக எடுத்துப்போட்டான். "வெச்சிடு புள்ள," என்றான். "யாரோ வழி தெரியாதவன்."

தேபான் அவளை ஒருநாளும் புள்ள என்று கூப்பிட்டதில்லை.

லூனிங் போனைத் தோளுக்கும் காதுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு ஜன்னலுக்குப் போனாள். தாளை உரித்து நேர்ப்பக்கம் திருப்பினாள். மரத்தடியில் அவன் அப்படியே நின்றான், தழும்பு இடது புருவத்தில். மரத்துக்கும் ஓரத்துக்கும் நடுவே ஒரு விரல் அகல வெள்ளை மிச்சம் இருந்தது. அதில் கதவு வரையப் பேனாவைத் தேடினாள்.

பின்னால் மெல்லுகிற சத்தம் நின்றது. நாற்காலி நகர்ந்தது.

வீடு போய்ச் சேர்கிற முடிவு விலைபோகாதுதான். நான் மைப்புட்டியை அவள் பக்கம் தள்ளிவிட்டு, நாற்காலிக்கும் அவளுக்கும் நடுவில் போய் நின்றேன்.

"சின்னதா இருந்தாலும் போதும்மா," என்றேன். "குனிஞ்சு வந்துக்குவான்."