எல்லோருக்குமான இணையதளம்

காலையிலிருந்து மேடையேறியவர்கள் அத்தனை பேரும் ஒரே பல்லவியைத்தான் பாடினார்கள். பயணம் என்றார்கள், கனவு என்றார்கள். இணையதளம் கட்டுகிறவர்களின் மாநாட்டில் ஒரு தளத்தை எப்படி ஒழுங்காகக் கட்டுவது என்று மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை. முன்வரிசையில் மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவருக்குக் காது புளித்துவிட்டது. பிறவியிலேயே பார்வை இல்லாத மனிதர். காதையும் இப்படிப் புளிக்க வைத்தால் என்னதான் செய்வார்?

ஆனாலும் எழுந்து போக முடியாது. மதிய அமர்வில் பேசப்போகிறவர் ஒரு கம்பெனி முதலாளி. டாக்டரைப் பார்க்க நேரம் பதிவுசெய்வதற்காக அவருடைய ஆட்கள் கட்டிய ஆஸ்பத்திரித் தளத்தைச் சோதித்துக் கொடுத்தவர் இவர்தான். திரையில் இருப்பதை இவருடைய போன் வாசித்துச் சொல்லும். அந்தத் தளத்திலோ எந்தப் பொத்தானுக்கும் போன் வாசிக்கிற மாதிரி உள்ளே பெயர் கொடுக்கவில்லை. எதைத் தொட்டாலும் "பட்டன்" என்றுதான் போன் சொன்னது. எது டாக்டர், எது தேதி?

"எல்லாம் சரி பண்ணியாச்சு சார். மேடையில நீங்களே காட்டுங்க, அப்படியே நிரந்தர வேலை" என்றிருந்தார் முதலாளி. வேலையில்லாமல் மனைவியோடு மைத்துனன் வீட்டில் ஒண்டிக்கொண்டிருப்பவருக்கு அது லேசான வார்த்தையா?

மதியம் மேடையில் முதலாளி ஒரு போனை அவர் கையில் திணித்தார். "உங்க போன் வேணாம் சார். இதுல எல்லாம் ரெடியா இருக்கு."

விரலை வைத்தார். "மருத்துவரைத் தேர்ந்தெடுக்கவும்" என்றது போன், ஆடி அசைந்து. தம் போனை அவர் ஓடவிடும் வேகத்தில் இது கால்வாசிகூட இல்லை. விரலைப் பின்னால் தள்ளினார். அது பாட்டுக்கு முன்னால் போய்த் தேதியைச் சொன்னது. அப்போதுதான் உறைத்தது. தளத்தைச் சரிசெய்யவே இல்லை. சரியாக வேலை செய்வதுபோல் ஒரு வீடியோ எடுத்து ஓடவிட்டிருக்கிறார்கள். குருடனுக்கு என்ன தெரியப்போகிறது என்கிற நினைப்பு.

போனை மேசையில் வைத்துவிட்டு இரண்டு கைகளையும் மேலே தூக்கினார்.

"உங்கள் நேரம் பதிவாகிவிட்டது. நன்றி" என்றது போன்.

"பாத்தீங்களா! கையே தேவையில்ல!" என்று கூவினார் முதலாளி. கைதட்டல் காதைப் பிளந்தது. சீ, இதையே தொழிலாகச் செய்கிறவர்கள் தட்டிய கை அது!

முதலாளி அவரைக் கட்டிப்பிடித்துக் காதருகே குனிந்தார். "பின்னிட்டீங்க சார். திங்கக்கிழமையே வந்துருங்க."

தோளில் கிடந்த கையை அசிங்கம்போலத் தட்டிவிட்டு, தம் போனில் அதே தளத்தைத் திறந்து மைக்கில் வைத்தார். படபடவென்று வந்தது: "பட்டன். பட்டன். பட்டன். பட்டன்." கைதட்டல் ஓய்ந்தது. யாரோ மைக்கை அணைத்தார்கள்.

"முன்னால ஓடினது வீடியோ! தளம் இதுதான்யா!" என்று தொண்டை கிழியக் கத்தினார். "இதுல எனக்கு எந்த டாக்டரும் கெடைக்க மாட்டார்!"

அதற்குள் மனைவி மேடையேறி வந்து அவர் கையைப் பிடித்திருந்தாள்.

"வேலை போச்சு. உன் தம்பிகிட்ட என்ன சொல்லப்போற?"

"அதை நான் பாத்துக்கறேன், வாங்க." இரண்டு படி இறங்கியவள் நின்று திரும்பிப் பார்த்தாள். "அந்தாளு இன்னும் சிரிச்சிக்கிட்டுத்தாங்க நிக்கிறான்."